வடிதாளில் வெள்ளி நானோ துகள்: தைரம் சிக்னல் இடத்துக்கு இடம் மாறுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி

தண்ணீரிலும், பழத்தோலைத் துடைத்தெடுத்த கரைசலிலும் தைரம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கண்டறிய மலிவான செர்ஸ் சப்ஸ்ட்ரேட் (நானோ உலோகப் பரப்பில் ஒட்டும் மூலக்கூறின் ராமன் சிக்னலைப் பெருக்கிக் காட்டும் தளம்) வேண்டும். கருவி கையடக்க ராமன் (லேசர் ஒளி சிதறுவதை வைத்து மூலக்கூறை அடையாளம் காண்பது), 785 நா.மீ. லேசர். விலைக்கு வரும் சப்ஸ்ட்ரேட்டுகளை ஒரு தடவை பயன்படுத்தி எறிவது கட்டுப்படியாகாது.

இப்போதைய செய்முறை இது. 90 மி.கி. வெள்ளி நைட்ரேட்டை 500 மி.லி. அயனி நீக்கிய நீரில் கரைத்து, கொதி வந்ததும் 1% டிரைசோடியம் சிட்ரேட் 10 மி.லி. விட்டு, ஒரு மணி நேரம் கொதிநிலையிலேயே வைத்திருப்பது. லீ, மெய்சல் இருவரும் 1982-இல் வெளியிட்ட முறைதான். அந்தக் கூழ்மத்தில் 10 மைக்ரோலிட்டரை 5 மி.மீ. விட்டமுள்ள முதல் எண் வாட்மேன் வடிதாள் வில்லையில் விட்டு, காற்றில் உலர்த்தி, மேலே 10 மைக்ரோலிட்டர் தைரம் கரைசல் விட்டு, மறுபடி உலர்ந்தபின் அளவீடு.

சிக்கல்கள் மூன்று. ஒரே வில்லையில் 15 இடங்களில் எடுத்தால் தைரத்தின் அடையாளமான 1380 செ.மீ⁻¹ பீக்கின் உயரத்தில் ஒப்பீட்டுத் திட்டவிலக்கம் 50% தாண்டுகிறது. 10⁻⁵ மோலாருக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. இதே கூழ்மத்தில் ரோடமின் 6ஜி என்ற சாயம் 532 நா.மீ. லேசரில் 10⁻⁸ வரை தெரிகிறது. மூன்றாவதுதான் குழப்பம்: தைரமே விடாத வெற்று வில்லைகளிலும் சிலவற்றில் 1380 பக்கம் ஏதோ எழுகிறது. காகிதத்தை விட்டுவிட்டுச் செப்புத்தகட்டில் வெள்ளி படியவைக்கும் முறைக்கு மாறலாமா?

பதில் 1

காகிதத்தின் மேல் பழி போடுவதற்கு முன், அங்கே எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். 90 மி.கி. வெள்ளி நைட்ரேட்டில் வெள்ளி 57 மி.கி. அதை 500 மி.லி.யில் பரப்பினால் ஒரு மி.லி.க்கு 0.11 மி.கி. நீங்கள் விடும் 10 மைக்ரோலிட்டரில் இருப்பது ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். துகள்களை 50 நா.மீ. உருண்டைகள் என்று கொண்டால் ஏறத்தாழ 166 கோடி துகள். கேட்கப் பெரிய எண், ஆனால் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி அடுக்கினாலும் மூடும் பரப்பு 3.3 சதுர மி.மீ. வில்லையின் பரப்போ 19.6 சதுர மி.மீ. தட்டையான கண்ணாடியாக இருந்தாலே ஆறில் ஒரு பங்குதான் மூடும். வடிதாளில் நார்களின் உட்பரப்பு அதைவிடப் பல மடங்கு. துளி உள்ளே இறங்கிவிடும், மிச்சம் விளிம்பில் வளையமாகக் காயும். லேசர் விழும் 100 மைக்ரோமீட்டர் புள்ளியில் துகள் கூட்டம் இருந்தால் சிக்னல், இல்லாவிட்டால் வெறும் செல்லுலோஸ். 50% விலக்கம் வராமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை செறிவாக்குவது. 1 மி.லி. வீதம் பத்து மைக்ரோ குழாய்களில் எடுத்து, மையவிலக்கியில் 5000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 5000 மடங்கு விசையில்) 15 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தில் 950 மைக்ரோலிட்டரை எடுத்துவிடுங்கள். மேல் திரவம் வெளிர் மஞ்சளாக இருந்தால் அதில் மிகச் சிறிய துகள்கள் நிற்கின்றன; அவற்றால் இங்கே பயனில்லை, விட்டுவிடலாம். அடியில் தங்கும் 50 மைக்ரோலிட்டரைப் பத்து விநாடி மீயொலித் தொட்டியில் வைத்தால் கலங்கிவிடும். அவசரப்பட்டு 10,000-க்கு மேல் சுழற்றினால் வண்டல் இறுகிவிடும். பிறகு எவ்வளவு குலுக்கினாலும் கட்டிகள் கரையாது. இப்படி 20 மடங்கு செறிவாக்கிய கூழ்மத்தில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் வில்லைப் பரப்பை மூன்று அடுக்கு மூடும் அளவு வெள்ளி கிடைக்கும். வெள்ளியின் செலவு அப்போதும் பொருட்டல்ல. இந்த வேலையில் துகளைக் கஞ்சத்தனமாக விடுவதால் மிச்சமாவது ஏதுமில்லை.

இரண்டாவது, துகள்களைக் கூட வைப்பது. தனித்தனியாக நிற்கும் 50 நா.மீ. வெள்ளி உருண்டை 420 நா.மீ. அருகே ஒளியை உறிஞ்சும்; 785 லேசருக்கு அது அசைந்துகொடுக்காது. இரண்டு மூன்று துகள்கள் ஒன்றிரண்டு நா.மீ. இடைவெளியில் சேர்ந்தால்தான் ஒத்ததிர்வு சிவப்புப் பக்கம் நகரும். அந்த இடுக்கில் மாட்டும் மூலக்கூறுதான் பெரிய சிக்னல் தரும். காகிதத்தில் உலரும்போது இந்தக் கூட்டம் தற்செயலாக உருவாகிறது. அதைத் தற்செயலுக்கு விடாதீர்கள்.

காகிதத்துக்குப் போகும் முன் கூழ்மம் சரியா என்று திரவத்திலேயே பாருங்கள். செறிவாக்கிய கூழ்மம் 200 மைக்ரோலிட்டர், மாதிரி 20, கடைசியாக 0.25 மோலார் சோடியம் குளோரைடு 20 மைக்ரோலிட்டர். மொத்தத்தில் உப்பு 20 மில்லிமோலார் பக்கம் வரும். மாதிரிக்குப் பிறகு உப்பு என்ற வரிசை முக்கியம்: மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டிய பின்பு துகள்கள் சேரவேண்டும். உப்பு விட்ட நேரத்திலிருந்து சரியாக 2 நிமிடத்தில் அளவிடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே 2 நிமிடம். நிறம் உடனே கறுத்து அடியில் படிந்தால் உப்பைப் பாதியாக்குங்கள். ஐந்து நிமிடமாகியும் நிறம் மாறவில்லை என்றால் இரட்டிப்பாக்குங்கள். இந்தத் திரவ அளவீட்டில் திட்டவிலக்கம் 10–15%-க்குள் வராவிட்டால் கோளாறு கூழ்மத்தில்; வந்தால் கோளாறு காகிதத்தில்.

ரோடமின் 6ஜி ஒப்பீட்டை மறந்துவிடுங்கள். அது 530 நா.மீ. அருகே தானே ஒளியை உறிஞ்சும் சாயம். 532 லேசரில் மூலக்கூறின் ஒத்ததிர்வும் சேர்ந்து பெருக்குகிறது. உங்கள் சப்ஸ்ட்ரேட்டைப் பற்றி அந்த 10⁻⁸ எதுவும் சொல்லவில்லை. சோதனைப் பொருளாக 4-மெர்காப்டோ பென்சோயிக் அமிலம் வையுங்கள். 785-இல் ஒத்ததிர்வு கிடையாது, 1080, 1587 செ.மீ⁻¹ இரண்டு பீக்கும் தெளிவாக நிற்கும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் துளி விட்டு உலர்த்துவதையே கைவிடலாம் என்பேன். வடிகட்டும் முறை உங்கள் வேலைக்கு நன்றாகப் பொருந்தும்.

திறந்து மூடக்கூடிய 13 மி.மீ. வடிகட்டிப் பிடிப்பானில் 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள பி.வி.டி.எஃப். (ஒரு வகைப் பிளாஸ்டிக்) சவ்வு ஒன்றை வையுங்கள். செறிவாக்காத கூழ்மம் 1 மி.லி. எடுத்து, 20 மில்லிமோலார் உப்பு சேர்த்து, பத்து நிமிடம் விடுங்கள். கூட்டமான துகள்கள் சவ்வைத் தாண்டாது. நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் செலுத்துங்கள். வெளியே வரும் நீர் நிறமற்று இருக்கவேண்டும். மஞ்சளாக வந்தால் துகள்கள் இன்னும் சேரவில்லை, காத்திருப்பைக் கூட்டுங்கள். பிறகு 2 மி.லி. தூய நீரால் உப்பைக் கழுவி, மாதிரி 5 மி.லி.யை அதே மெதுவான வேகத்தில் விடுங்கள். சவ்வை எடுத்து உலர்த்தி அளவிடலாம். 1 மி.லி. கூழ்மத்திலுள்ள வெள்ளி அந்தப் பரப்பை நான்கு அடுக்கு மூடப் போதும். சீரான சாம்பல் வட்டமாகத் தெரியும்.

ஆதாயம் சீர்மையில் மட்டும் இல்லை. 10 மைக்ரோலிட்டர் 10⁻⁵ மோலார் துளியில் 0.1 நானோமோல் தைரம் இருக்கிறது. 5 மி.லி. 10⁻⁷ மோலார் கரைசலில் 0.5 நானோமோல். செலுத்தும் வேகத்தைப் பொறுத்து ஒரு பங்கு ஒட்டாமல் போகும், அப்படியும் கணக்கு உங்கள் பக்கமே. பி.வி.டி.எஃப். தன் பீக்குகளை 800, 840, 1430 பக்கம் காட்டும். வெள்ளி அடர்த்தியாக இருந்தால் அவை அமுங்கிவிடும். அவை தலைகாட்டும் இடத்தில் வெள்ளி மெல்லிசு என்றே பொருள். அதையே தரச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

பழத்தோல் கரைசலை நேராக வடிகட்டாதீர்கள். மெழுகும் நாரும் சவ்வை அடைத்துவிடும். வெள்ளி இல்லாத இன்னொரு 0.45 மைக்ரோமீட்டர் சவ்வில் முதலில் வடிகட்டுங்கள். துடைக்கும் திரவம் எத்தனாலும் நீரும் சரிபாதி போதும்; சவ்வில் விடும் முன் எத்தனால் 10%-க்குள் இருக்கும்படி நீர் சேருங்கள்.

செப்புத்தகடு கேட்டீர்கள். உண்மையில் அதைவிட எளிய செர்ஸ் சப்ஸ்ட்ரேட் கிடையாது. தகட்டை அசிட்டோனில் துடைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அரை நிமிடம் வைத்து ஆக்சைடு போனதும் நீரில் அலசி, 5 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட்டில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் முக்கினால் போதும். செம்பு கரைய, அதன் இடத்தில் வெள்ளி பெரணி இலை போலக் கிளைத்து வளரும். ஐந்து நிமிடம் விட்டால் கறுப்புத் தூளாக உதிரும். சிட்ரேட் எங்கும் வராததால் பின்னணி சுத்தம். முயன்று பாருங்கள்.

பதில் 3

செம்பு வேண்டாம், குறிப்பாகத் தைரத்துக்கு வேண்டாம். மற்ற பல மூலக்கூறுகளுக்கு அந்தத் தகடு அருமையானது, அதில் மறுப்பில்லை. ஆனால் தைரம் உலோகத்தைத் தொட்டதும் நடுவிலுள்ள கந்தகம்–கந்தகப் பிணைப்பு அறுந்து இரண்டு டைமெத்தில் டைதயோகார்பமேட் துண்டுகளாகிறது. டைதயோகார்பமேட் செப்பு அயனியைக் கண்டால் விடாது. பழுப்பு நிற அணைவுச் சேர்மமாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக் கிளைகளுக்கு நடுவே செம்பு எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும், தகட்டின் மேல் செப்பு அயனியும் மிஞ்சியிருக்கும். குறைந்த செறிவில் உங்கள் தைரத்தில் எவ்வளவு வெள்ளிக்குப் போனது, எவ்வளவு செம்புக்குப் போனது என்று சொல்லவே முடியாது.

இதே வேதியியலில் இன்னொரு எச்சரிக்கை. வெள்ளியில் ஒட்டி நிற்பது தைரமே அல்ல, அந்தத் துண்டுதான். சைரம், ஃபெர்பம் என்ற வேறு இரண்டு பூஞ்சைக்கொல்லிகளும் அதே துண்டைத் தருகின்றன. ஆகவே இந்த முறையில் கிடைக்கும் முடிவை ‘டைமெத்தில் டைதயோகார்பமேட் இருக்கிறது’ என்று எழுதுங்கள். ‘தைரம் இருக்கிறது’ என்று எழுதுவதற்குக் குரோமட்டோகிராஃபி (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காணும் முறை) உறுதி வேண்டும்.

இப்போது வெற்று வில்லையில் எழும் 1380. மூன்று காரணங்கள் இருக்கலாம், அகலத்தை வைத்துப் பிரித்துவிடலாம்.

1400-ஐ மையமாகக் கொண்டு பரந்த மேடாக இருந்து, கூடவே 950 பக்கமும் சிறு மேடு இருந்தால் அது சிட்ரேட். 1350, 1580 இரண்டிலும் மிக அகலமான மேடுகள் எழுந்து, ஒவ்வொரு ஸ்கேனிலும் உருவம் மாறினால் அது கருகல்: உலர்ந்த வெள்ளி லேசரை விழுங்கிச் சூடாகி அங்குள்ள கரிமப் பொருளைக் கரியாக்குகிறது. கையடக்கக் கருவியை முழுத் திறனில் வைத்தால் காகிதத்தில் இது கட்டாயம் நடக்கும். 10–20 மில்லிவாட்டுக்கு இறக்கி, நேரத்தைக் கூட்டுங்கள். கருவியில் புள்ளியைச் சுழற்றும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

மேடாக இல்லாமல் கூரிய பீக்காக, 560, 1150, 1510 பக்கமும் துணைப் பீக்குகளோடு நின்றால், நீங்கள் பார்ப்பது நிஜமான தைரம் அல்லது அதன் உறவுக்காரன். எங்கிருந்து வந்தது? கையுறையிலிருந்து. தைரம் பூஞ்சைக்கொல்லி மட்டும் அல்ல, ரப்பரைப் பதப்படுத்தும் ஊக்கியும் கூட. ரப்பர் துறையில் டி.எம்.டி.டி. என்பார்கள். லேடெக்ஸ், நைட்ரைல் கையுறைகளில் தையுரம், டைதயோகார்பமேட் வகை ஊக்கிகளின் எச்சம் பரவலாக இருக்கும். எத்தனால் நனைந்த கையுறை விரலால் வில்லையின் விளிம்பைப் பிடித்தாலே போதும், வெள்ளி அதை இழுத்துக்கொள்ளும். கையுறையின் ஊக்கியில் எத்தில் தொகுதி இருந்தால் பீக்குகள் சில செ.மீ⁻¹ தள்ளி விழும்; மெத்தில் என்றால் வித்தியாசமே தெரியாது.

வில்லையைத் தொடுவது கழுவிய உலோகச் சாமணம் மட்டுமே. கைக்கு வினைல் அல்லது பாலிஎத்திலீன் உறை. இரண்டாம் பதிலில் சொன்ன வடிகட்டும் முறைக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சாதாரண ஊசிக்குழலின் உலக்கை நுனியில் கறுப்பு ரப்பர் இருக்கிறது. முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன, ரப்பர் இல்லாத இரு பாகக் குழலையே வாங்குங்கள். பிடிப்பானில் ஓ-வளையம் இருந்தால் சிலிக்கோன் அல்லது டெஃப்லான். ரப்பர் மூடியுள்ள குப்பியில் கரைசல் வைக்காதீர்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தது மூன்று வெற்றுச் சவ்வுகளை முழு நடைமுறையோடும், தைரம் இல்லாத நீரோடும் ஓட்டுங்கள். இந்த மூலக்கூறில் வெற்று அளவீடு சுத்தமாக இல்லை என்றால் கண்டறியும் எல்லை என்று எந்த எண்ணையும் சொல்லக்கூடாது.

சிட்ரேட் மேடு 1380-க்கு அடியிலேயே உட்காருவதால், தைரத்துக்குச் சிட்ரேட் கூழ்மத்தையே தவிர்ப்பது நல்லது. ஹைட்ராக்சிலமீன் முறை அறை வெப்பத்திலேயே முடிகிறது. 90 மி.லி. நீரில் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு 10.4 மி.கி., அதோடு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 3 மி.லி. வேகமாகக் கலக்கிக்கொண்டே 10 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 10 மி.லி.யை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சில விநாடிகளில் மஞ்சள்-பழுப்பு கூழ்மம் தயார். ஹைட்ராக்சைடு பழையதாக இருந்து காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்திருந்தால் ஒடுக்கம் மந்தமாகும், துகள் அளவு சிதறும், அன்றன்று கரைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் தூய நீரில் பலமுறை அலசியிருக்கவேண்டும். நிலைத்தன்மை சிட்ரேட் கூழ்மத்தைவிடக் குறைவு, ஒரு வாரத்துக்குள் செலவழியுங்கள். இருபது மடங்கு நீர்த்து நிறமாலைமானியில் பாருங்கள்: 410–430 நா.மீ.யில் ஒற்றை உச்சம் வேண்டும். 600-க்கு மேல் தோள் எழுந்தால் ஏற்கெனவே கூடத் தொடங்கிவிட்டது, அந்தத் தொகுதி வேண்டாம்.

கேட்டவர்

அந்த வெற்று வில்லைகளின் நிறமாலையை மறுபடி பார்த்தேன். கூரிய பீக்குதான், 560-இலும் இருக்கிறது. நைட்ரைல் கையுறைதான் பயன்பாட்டில். நன்றி.

இன்னும் இரண்டு கேள்வி. சவ்வுகளை முன்கூட்டியே செய்து எவ்வளவு நாள் வைக்கலாம்? அளவுத்திருத்தக் கோடு நேராக வருமா?

பதில் 1

வெள்ளியைப் பொறுத்தவரை எதிரி காற்றிலுள்ள கந்தகம். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகச் சிறிதளவு இருந்தாலும் மேற்பரப்பு வெள்ளி சல்ஃபைடாகிறது. பிறகு தைரம் ஒட்ட இடமிருக்காது. நைட்ரஜன் நிரப்பி, அலுமினியப் பூச்சுள்ள பையில் சூட்டால் ஒட்டி, இருட்டில் வையுங்கள். அட்டைப்பெட்டி, ரப்பர் பட்டை இரண்டும் பக்கத்தில் வேண்டாம், கந்தகம் அவற்றிலிருந்தும் வரும். நாள் கணக்கை யாரும் சொல்லித் தரமுடியாது. வாரம் ஒரு சவ்வை எடுத்து 10⁻⁶ மோலார் மெர்காப்டோ பென்சோயிக் அமிலம் 1 மி.லி. செலுத்தி 1080 பீக்கைக் குறித்துவாருங்கள். முதல் நாளைவிட 20% இறங்கியதும் அந்தத் தொகுதியின் ஆயுள் முடிந்தது. கூழ்மத்தை ஒரு குப்பியிலும் சவ்வை ஒரு பையிலும் தனித்தனியாகக் கொண்டுபோய், அளவிடும் இடத்தில் அப்போதே வடிகட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

நீண்ட நாள் வைக்கத்தான் வேண்டுமென்றால் தங்கம். 785-இல் தங்கம் நன்றாகவே வேலை செய்யும், சிக்னல் வெள்ளியைவிடக் குறைவு. ஃபிரென்ஸ் 1973-இல் தந்த அளவுகளின்படி, 0.01% குளோரோ ஆரிக் அமிலம் 50 மி.லி.யைக் கொதிக்கவிட்டு 1% சிட்ரேட் 0.5 மி.லி. சேர்த்தால் 41 நா.மீ., 0.3 மி.லி. சேர்த்தால் 70 நா.மீ. சுற்றித் துகள் வரும். உங்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் போதும். 1 மி.லி. சேர்த்தால் 16 நா.மீ.; அது செர்ஸுக்கு மிகச் சிறிது. தங்கத்தை உப்பால் கூட்ட வெள்ளியைவிடக் கூடுதல் செறிவு கேட்கலாம், திரவத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். சிட்ரேட் மேடு இங்கேயும் வரும், அதனால் 560-ஐயும் சேர்த்தே பாருங்கள்.

அளவுத்திருத்தக் கோடு நேராக வராது, வரவும் கூடாது. 1 மி.லி. கூழ்மத்தின் மொத்த வெள்ளிப் பரப்பு சுமார் 13 சதுர செ.மீ. அதை ஒற்றை அடுக்காக நிரப்ப 2–3 நானோமோல் தைரம் போதும் என்பது தோராயக் கணக்கு. 5 மி.லி. 10⁻⁶ மோலார் கரைசலிலேயே 5 நானோமோல் இருக்கிறது. அதற்கு மேல் கோடு மட்டமாகிவிடும். பயனுள்ள பகுதி அதற்குக் கீழேதான். அந்தப் பகுதிக்கு மட்டும் கோடு போடுங்கள், மேலே வரும் மாதிரியை நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். மூலக் கரைசலை நீரில் செய்யாதீர்கள், தைரம் நீரில் லிட்டருக்குச் சில பத்து மி.கி.க்கு மேல் கரையாது. 1 மில்லிமோலார் என்பது 240 மி.கி. அசிட்டோநைட்ரைலில் கரைத்து, அங்கிருந்து நீருக்கு வாருங்கள்.

பழத்தோல் கரைசலுக்கு நீரில் போட்ட கோட்டைப் பயன்படுத்தக்கூடாது. தோலிலிருந்து வரும் மற்ற பொருள்களும் வெள்ளியில் இடம் பிடிக்கும். ஒரே கரைசலை நான்காகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்ற மூன்றில் தெரிந்த அளவு தைரம் சேர்த்து நான்கையும் ஓட்டுங்கள். சேர்க்கும் அளவு 0.1, 0.2, 0.4 நானோமோல் என்று தொடங்கலாம்.

வெள்ளிக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனியாகச் சேர்த்து, உப்பு போட்டு வெள்ளி குளோரைடாகப் படியவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது கண்ணாடியில் வெள்ளிக்கண்ணாடி முறையில் பூசிப்பார்க்கச் சொன்னால் ஒன்று நினைவிருக்கட்டும்: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை ஒருபோதும் எடுத்துவைக்கக்கூடாது, உலர்ந்தால் வெடிக்கும். வேலை முடிந்த கையோடு நீர்த்த அமிலம் விட்டு அழித்துவிடுங்கள்.